சபோனிஸ் உண்மையிலேயே தாமதமாகத்தான் வந்தாரா?

#1 – சென்டர்_சேது

வணக்கம் நண்பர்களே. ரொம்ப நாளாக மனதில் இருக்கும் ஒருவருக்காக இந்த இழையைத் தொடங்குகிறேன். கூடைப்பந்து ஆட்டக்காரர் அர்விதாஸ் சபோனிஸ். டொமாண்டாஸ் சபோனிஸின் ஆட்டத்தைப் பார்ப்பவர்கள் இங்கே நிறைய பேர் இருக்கிறீர்கள். அவருடைய அப்பாதான் இவர்.

தெரியாதவர்களுக்காக: 1964 டிசம்பர் 19 அன்று லிதுவேனியாவின் கௌனாஸ் நகரில் பிறந்தார். அப்போது லிதுவேனியா சோவியத் ஒன்றியத்துக்குள் இருந்தது. உயரம் 2.21 மீட்டர், நம் கணக்கில் ஏழடி மூன்றங்குலம். 1982இல் உலகக் கோப்பையை வென்ற சோவியத் அணியில் இருந்தபோது அவருக்கு வயது 17. 1985இல் அமெரிக்கத் தொழில்முறை லீக்கான என்.பி.ஏ.வின் அட்லாண்டா ஹாக்ஸ் அணி அவரை டிராஃப்டில், அதாவது புது ஆட்டக்காரர்களை அணிகள் தேர்ந்தெடுக்கும் முறையில், எடுத்தது. 21 வயது ஆகவில்லை என்று அது செல்லாமல் போனது. அடுத்த வருடமே போர்ட்லாந்து டிரெயில் பிளேசர்ஸ் முதல் சுற்றில் 24ஆவது ஆளாக எடுத்தது. ஆனால் அவர் போர்ட்லாந்து சட்டையைப் போட்டு இறங்கியது 1995இல். நடுவில் ஒன்பது வருடம்!

80களில் கௌனாஸின் ஜால்கிரிஸ் கிளப்புக்காக அவர் ஆடிய பழைய வீடியோக்களைப் போன வாரம் உட்கார்ந்து பார்த்தேன். அந்த உயரத்தில் ஒரு மனிதர் ரீபவுண்டை, அதாவது கூடையில் விழாமல் திரும்பிய பந்தை எடுத்து, தானே தட்டிக்கொண்டு மைதானத்தின் மறுமுனை வரை ஓடி, கூடைக்குள் திணித்து டங்க் அடிக்கிறார். மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியே நின்று சாதாரணமாகப் போடுகிறார். முதுகுக்குப் பின்னால் பாஸ் கொடுக்கிறார். இன்றைக்கு என்.பி.ஏ. நட்சத்திரம் யோகிச்சைப் பார்த்து நாம் வியக்கும் எல்லாமே அங்கே இருக்கிறது, கூடவே வேகமும் இருக்கிறது.

அந்த 21 வயதுக்காரர் அப்படியே அமெரிக்கா போயிருந்தால் வரலாற்றின் மிகச் சிறந்த சென்டர்கள் (கூடைக்கு அருகே ஆடும் உயரமானவர்கள்) வரிசையில் அவர் பெயரை முதல் ஐந்துக்குள் சொல்லியிருப்போம் என்பது என் கருத்து. அரசியல் அந்த ஒன்பது வருடத்தைத் தின்றுவிட்டது. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

#2 – இளங்கதிர்

அண்ணா, எனக்கு மகனை மட்டும்தான் தெரியும். அப்பாவின் புள்ளிவிவரங்களைத் தேடிப் பார்த்தேன். என்.பி.ஏ.வில் மொத்தச் சராசரி 12 புள்ளி, 7.3 ரீபவுண்ட். நல்ல ஆட்டக்காரர்தான், ஆனால் 'ஹால் ஆஃப் ஃபேம்' என்ற புகழ் மண்டபத்தில் வைக்கும் அளவுக்கு என்ன இருக்கிறது என்று புரியவில்லை. தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள், தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.

#3 – போர்ட்லாந்து_பாலா

இளங்கதிர், கேட்டது நல்ல கேள்வி. நான் 97 முதல் இந்த ஊரில்தான் இருக்கிறேன். கம்பெனியில் கூட வேலை பார்த்த ஒருவர் டிக்கெட் வைத்திருந்தார், அவரோடு ரோஸ் கார்டன் அரங்குக்குப் போய் சபோனிஸை நேரில் பார்த்திருக்கிறேன். அதனால் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

முதலில் கால். வார்ம்-அப் நேரத்தில் எங்கள் பக்கத்துக் கூடைக்குக் கீழே நின்றார். இரண்டு முழங்காலிலும் தடிமனான உறை. ஒரு காலை ஊன்றி அடுத்த காலை எடுத்து வைக்கும்போது, வயதான என் தாத்தா மாடிப்படி இறங்குவது போல இருந்தது. பக்கத்தில் இருந்த நண்பரிடம், "இவர் எப்படி ஆடப்போகிறார்?" என்று கேட்டேன். "பந்து கைக்கு வரட்டும்" என்று மட்டும் சொன்னார்.

வந்தது. ஃப்ரீ த்ரோ கோட்டின் ஓரத்தில் கூடைக்கு முதுகைக் காட்டி நின்றார். வலது கையால் பந்தைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தார், நாம் தேங்காயைப் பிடிப்பது போல. எதிரணி ஆட்டக்காரர் எம்பினாலும் அந்தப் பந்து எட்டாது. அவர் அவசரப்படவே இல்லை. எங்கள் அணியின் சிறிய ஆட்டக்காரர் ஒருவர் கூடைக்குப் பின்னால் இருக்கும் கோட்டை ஒட்டிச் சட்டென்று வெட்டி ஓடினார். சபோனிஸ் அந்தப் பக்கம் திரும்பியே பார்க்கவில்லை. பந்து மட்டும் போய்விட்டது. கூடைக்கு அருகிலிருந்தே எளிதாக ஒரு லே-அப். அரங்கமே ஒருமுறை மூச்சு வாங்கியது போல ஒரு சத்தம். அது இன்னும் காதில் இருக்கிறது.

இப்போது எண்களுக்கு வருகிறேன். முதல் சீசனில் 14.5 புள்ளி, 8.1 ரீபவுண்ட் என்று பார்த்திருப்பீர்கள். ஆனால் அவர் ஆடியது சராசரியாக 24 நிமிடத்துக்கும் குறைவு. அதற்கு மேல் கால் தாங்காது. அந்த வருடம் சிறந்த புதுமுகம், சிறந்த ஆறாவது ஆள் (மாற்று ஆட்டக்காரர்) இரண்டு விருதுகளிலும் இரண்டாம் இடம். சீசனின் நடுவிலேயே 31 வயதைத் தொட்ட ஒரு 'புதுமுகம்'! பிளே-ஆஃப்பில் யூட்டாவுக்கு எதிராக ஐந்து ஆட்டத்தில் சராசரி 23 புள்ளிக்கு மேல். 97–98இல் 16 புள்ளி, 10 ரீபவுண்ட்.

இந்த ஊரில் எல்லோரும் சொல்லும் கதை ஒன்று உண்டு. 95இல் ஒப்பந்தம் போடும் முன் அணியின் மருத்துவர் அவருடைய எக்ஸ்-ரேக்களைப் பார்த்தார். இந்தப் படத்தைக் காட்டினாலே மாற்றுத்திறனாளிகளுக்கான பார்க்கிங் அனுமதி கிடைத்துவிடும் என்றாராம். அந்தக் காலோடுதான் ராட்சத சென்டர் ஷகீல் ஓ'நீலின் மோதலை வருடக்கணக்கில் தாங்கினார்.

எனவே 12 புள்ளி, 7 ரீபவுண்ட் என்பது அவர் யார் என்பதன் கணக்கு இல்லை தம்பி. எல்லாம் முடிந்த பிறகு மிச்சம் இருந்ததன் கணக்கு.

#4 – பழைய_பயிற்சியாளர்

பாலா எழுதியதைப் படித்ததும் கை பரபரத்தது. முப்பது வருடமாகப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கூடைப்பந்து சொல்லித் தருகிறேன். உயரமான பையன் ஒருவன் வந்தால் உடனே கூடைக்குக் கீழே நிறுத்திவிடுவது நம் பக்கத்துப் பழக்கம். "கையைத் தூக்கிட்டு நில்லு, பந்து வந்தா போடு." அவ்வளவுதான் அவனுக்குப் பாடம். நானும் அப்படித்தான் செய்துகொண்டிருந்தேன். 1995 ஐரோப்பிய கிளப் சாம்பியன்ஷிப் இறுதி ஆட்டத்தை ஒரு நண்பர் வீடியோ கேசட்டில் கொண்டுவந்து காட்டிய பிறகுதான் மாற்றிக்கொண்டேன். ரியால் மாட்ரிட், ஒலிம்பியாகோஸ். சரகோசாவில் நடந்தது. மாட்ரிட் 73–61 என்று ஜெயித்தது. பயிற்சியாளர் ஒப்ராடோவிச். இறுதிச்சுற்றின் சிறந்த ஆட்டக்காரர் சபோனிஸ்.

அதில் நான் கவனித்தது இதுதான். பந்து அவர் கைக்கு வந்ததும் மற்ற நான்கு பேரும் ஓட ஆரம்பிக்கிறார்கள். சாதாரணமாக சென்டரிடம் பந்து போனால் மற்றவர்கள் நின்று வேடிக்கை பார்ப்பார்கள். இங்கே தலைகீழ். 'நாம் ஓடினால் பந்து வரும்' என்ற நம்பிக்கை. ஒரு சென்டர் தன் அணிக்குக் கொடுக்கக்கூடிய மிகப் பெரிய விஷயம் அந்த நம்பிக்கைதான் என்பேன். மறுநாளே என் உயரமான பையனை ஃப்ரீ த்ரோ கோட்டுக்கு இழுத்து வந்து நிறுத்தினேன்.

ஒரு விஷயத்தைத் திருத்த வேண்டும். கால் போன பிறகுதான் பாஸ் கொடுக்கக் கற்றுக்கொண்டார் என்று பலர் சொல்வார்கள். அது தவறு. இருபது வயதிலேயே அந்தப் பார்வை அவருக்கு இருந்தது. குதிகாலுக்கு மேலே இருக்கும் அகிலஸ் தசைநார் அறுந்த பிறகு ஓட்டமும் எம்புதலும் போயின, பார்வை மட்டும் தங்கியது. அதனால் நம் கண்ணுக்கு அது பெரிதாகத் தெரிகிறது. 84இல் மாட்ரிட்டில் நடந்த கிறிஸ்துமஸ் போட்டியில் டங்க் அடித்து கண்ணாடிப் பலகையையே நொறுக்கியவர் அவர். அந்த உடம்பையும் அந்தக் கண்ணையும் சேர்த்து யோசித்துப் பாருங்கள்.

#5 – இளங்கதிர்

மன்னிக்கவும் ஐயா, நான் வெறும் அட்டவணையைப் பார்த்துப் பேசிவிட்டேன். அந்தக் காயம் எப்படி ஏற்பட்டது? ஓய்வே கொடுக்காமல் ஆட வைத்தார்கள் என்று ஓரிடத்தில் படித்தேன்.

#6 – பழைய_பயிற்சியாளர்

மன்னிப்பெல்லாம் எதற்குத் தம்பி. ஆமாம், கிளப் ஆட்டம், தேசிய அணி ஆட்டம் என்று வருடம் முழுக்க ஓயாமல் ஆடினார். 80களின் நடுவில் அகிலஸ் பிரச்சினை தொடங்கி, பிறகு அறுந்தே போனது. 1987 ஐரோப்பியக் கோப்பைக்கு அவரால் போக முடியவில்லை. அவர் இல்லாத சோவியத் அணி இறுதி ஆட்டத்தில் கிரீஸிடம் கூடுதல் நேரத்தில் 103–101 என்று தோற்றது. 88இல் சிகிச்சைக்காக அவரைப் போர்ட்லாந்துக்கு அனுப்பினார்கள். பிளேசர்ஸ் மருத்துவர்கள்தான் பார்த்தார்கள். ஒலிம்பிக்ஸுக்கு முன்னால் எதிரியை நாமே குணப்படுத்தி அனுப்புவதா என்று அமெரிக்க அணியின் பயிற்சியாளர் ஜான் தாம்சனே அப்போது குறைபட்டுக்கொண்டார்.

#7 – வரலாற்று_ஆர்வலன்

சேது, உங்கள் ஆர்வத்துக்கு மரியாதை. ஆனால் 'ஒன்பது வருடத்தை அரசியல் தின்றுவிட்டது' என்ற வாக்கியத்தை என்னால் அப்படியே ஏற்க முடியவில்லை. அந்த ஒன்பது வருடத்தில் அவர் என்ன செய்தார் என்று பார்க்காமல் 'வரவில்லை' என்று மட்டும் சொல்கிறோம். போர்ட்லாந்தில் நின்றுகொண்டு பார்த்தால் அவர் தாமதம். கௌனாஸில் நின்றால்?

கௌனாஸைப் பற்றிச் சொல்ல வேண்டும். இரண்டு உலகப் போர்களுக்கு நடுவில் லிதுவேனியா சுதந்திர நாடாக இருந்தது, கௌனாஸ் அதன் தற்காலிகத் தலைநகர். 1937இல் ரீகாவில் ஐரோப்பியக் கோப்பையை லிதுவேனியா வென்றது. 1939 போட்டியைத் தானே நடத்தியது. அதற்காகவே கௌனாஸில் ஓர் அரங்கம் கட்டினார்கள். கூடைப்பந்துக்கென்றே ஐரோப்பாவில் கட்டப்பட்ட முதல் அரங்கம் அது. அங்கே மறுபடியும் கோப்பையை வென்றார்கள். அந்த அணியின் நாயகன் பிரானாஸ் லுபினாஸ், அமெரிக்காவில் பிறந்த லிதுவேனியர். 1936 பெர்லின் ஒலிம்பிக்ஸில் தங்கம் வென்ற அமெரிக்க அணியில் ஆடியவர். அவர் வந்து தன் பெற்றோரின் நாட்டுக்கு இந்த விளையாட்டைக் கற்றுக்கொடுத்தார். மறு வருடமே, 1940இல், சோவியத் படைகள் உள்ளே நுழைந்தன. நாடே வரைபடத்திலிருந்து போய்விட்டது.

கோப்பை வென்ற நினைவு மட்டும் தங்கியது. 1944இல் ஜால்கிரிஸ் கிளப் தொடங்கியது. 1410இல் டியூட்டானிக் படையை லிதுவேனியரும் போலந்துக்காரரும் சேர்ந்து முறியடித்த கிரன்வால்ட் போரின் லிதுவேனியப் பெயர்தான் ஜால்கிரிஸ். அந்தப் பெயரை வாய்விட்டுக் கத்துவதற்கு ஒரு காரணம் கிடைத்ததே மக்களுக்குப் பெரிய விஷயம். 1972இல் ரோமாஸ் கலந்தா என்ற 19 வயது இளைஞர் கௌனாஸ் நகரின் நடுவே சோவியத் ஆட்சியை எதிர்த்துத் தீக்குளித்தார். அப்போது சபோனிஸுக்கு ஏழு வயது. அதே ஊர்.

இந்தப் பின்னணியில்தான் 1985, 86, 87 என்று தொடர்ந்து மூன்று வருடம் சோவியத் லீக்கை ஜால்கிரிஸ் வென்றது. தோற்றது யார்? மாஸ்கோவின் சி.எஸ்.கே.ஏ., அதாவது செம்படையின் அணி. கொடி ஏற்ற முடியாது, தேசிய கீதம் பாட முடியாது. படையின் அணியைக் கூடைப்பந்தில் அடிக்கலாம். சபோனிஸ் அமெரிக்காவில் இருந்திருந்தால் இதெல்லாம் நடந்திருக்குமா?

#8 – சென்டர்_சேது

அருமையான பதிவு. கலந்தா பற்றி எனக்குத் தெரியாது, படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

ஆனாலும் விடமாட்டேன். ஒரு ஆட்டக்காரனின் உடம்புக்கு ஆயுள் குறைவு. 21 முதல் 30 வரைதான் உச்சம். அந்த உச்சத்தில் அவர் அந்தக் காலத்துப் பெரிய சென்டர்களான ஒலாஜுவனையும் யூவிங்கையும் ராபின்சனையும் வாரம் ஒருமுறை எதிர்கொண்டிருக்க வேண்டும். 88 சியோல் ஒலிம்பிக்ஸில் அமெரிக்க அணியின் ராபின்சனை எதிர்த்து ஆடினார், அதில் ஜெயித்தார். அந்தத் தோல்வியால்தானே அமெரிக்கா என்.பி.ஏ. நட்சத்திரங்களின் 'டிரீம் டீம்' அனுப்ப முடிவு செய்தது? அதுவே அவருடைய தரத்துக்குச் சான்று இல்லையா?

இன்னொன்று: போர்ட்லாந்து 1986 டிராஃப்டில் சபோனிஸை மட்டும் எடுக்கவில்லை, மூன்றாம் சுற்றில் யூகோஸ்லாவியாவின் ட்ராசன் பெட்ரோவிச்சையும் எடுத்தது. இரண்டு பேரும் ஒரே அணியில், போர்ட்லாந்தின் நட்சத்திரம் டிரெக்ஸ்லரோடு! எழுதும்போதே வயிறு எரிகிறது.

#9 – வரலாற்று_ஆர்வலன்

டிரீம் டீம் விஷயத்தில் ஒரு திருத்தம். எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள், ஆனால் தொழில்முறை ஆட்டக்காரர்களை ஒலிம்பிக்ஸில் விட வேண்டும் என்று வருடக்கணக்கில் முயன்றது உலகக் கூடைப்பந்துக் கூட்டமைப்பான ஃபிபாவின் போரிஸ் ஸ்டான்கோவிச். 1989 ஏப்ரலில் மியூனிக்கில் வாக்கெடுப்பு நடந்தது. அமெரிக்கக் கூட்டமைப்பு அங்கே எதிர்த்துத்தான் வாக்களித்தது.

சியோல் ஒலிம்பிக்ஸுக்கு வருவோம். 1988 அரையிறுதியில் அமெரிக்காவை 82–76, இறுதியில் யூகோஸ்லாவியாவை 76–63 என்று சோவியத் அணி வென்றது. அந்த அணியின் முக்கியமான நான்கு பேர் லிதுவேனியர்கள்: சபோனிஸ், மார்ச்சுலியோனிஸ், குர்தினைடிஸ், ஹோமிச்சியுஸ். அமெரிக்காவுக்கு எதிராக அதிகம் போட்டவர் குர்தினைடிஸ், 28 புள்ளி. இவர்கள் கழுத்தில் தங்கம் விழுந்தபோது ஏறியது சோவியத் கொடி. உலகம் முழுக்க இவர்களை 'ரஷ்யர்கள்' என்றுதான் எழுதினார்கள்.

நான்கே வருடத்தில் எல்லாம் மாறியது. 1990 மார்ச் 11இல் லிதுவேனியா சுதந்திரம் அறிவித்தது. 1991 ஜனவரி 13 அதிகாலையில் வில்னியஸ் தொலைக்காட்சிக் கோபுரத்தைக் காக்க வெறுங்கையோடு நின்ற மக்கள் மீது டாங்கிகள் ஏறின. அன்றைய தாக்குதலில் பதினான்கு பேர் இறந்தார்கள். அடுத்த வருடம் பார்சலோனா. தனி நாடாக வருகிறார்கள், கையில் பணம் இல்லை. என்.பி.ஏ.வின் கோல்டன் ஸ்டேட் அணியில் ஆடிக்கொண்டிருந்த மார்ச்சுலியோனிஸும் அந்த அணியின் உதவிப் பயிற்சியாளர் டானி நெல்சனும் ஊர் ஊராகக் கேட்டு நிதி திரட்டினார்கள். கிரேட்ஃபுல் டெட் என்ற ராக் குழு பணம் கொடுத்தது. மஞ்சள், பச்சை, சிவப்பு என்று லிதுவேனியக் கொடியின் நிறங்களில் சாயம் தோய்த்த சட்டைகளும் வந்தன. அதில் ஓர் எலும்புக்கூடு டங்க் அடிக்கும் படம்.

அரையிறுதியில் டிரீம் டீமிடம் 127–76 என்று பெரிய தோல்வி. வெண்கலத்துக்கான ஆட்டத்தில் எதிரே யார்? முன்னாள் சோவியத் நாடுகளின் கூட்டணி. நான்கு வருடத்துக்கு முன் தோளில் கைபோட்டுத் தங்கம் வாங்கிய வோல்கோவ் அந்தப் பக்கம் நிற்கிறார். குரூப் ஆட்டத்தில் ஏற்கனவே அவர்களிடம் தோற்றிருந்தார்கள். இந்த முறை 82–78. சபோனிஸ் 27 புள்ளி, 16 ரீபவுண்ட். மார்ச்சுலியோனிஸ் 29 புள்ளி. உடைமாற்றும் அறைக்கே வந்து வாழ்த்திய நாட்டுத் தலைவர் லான்ட்ஸ்பெர்கிஸை ஷாம்பெயினில் நனைத்துவிட்டார்கள். அந்தச் சாயச் சட்டையைப் போட்டுக்கொண்டே மேடை ஏறினார்கள்.

அன்று அவர் கழுத்தில் இருந்தது வெண்கலம்தான். ஆனால் ஏறியது சொந்தக் கொடி. இந்தக் காலத்தைத்தான் 'வீணான வருடங்கள்' கணக்கில் எழுதுகிறோம் சேது.

#10 – கௌனாஸ்_மாணவி

எல்லோருக்கும் வணக்கம். நான் கௌனாஸில் மருத்துவம் படிக்கிறேன், மூன்றாம் ஆண்டு. இத்தனை நாள் படிப்பதோடு சரி, எழுதியதில்லை. என் ஊரைப் பற்றி இவ்வளவு பேசும்போது சும்மா இருக்க முடியவில்லை.

வரலாற்று அண்ணா சொன்ன அந்த 1939 அரங்கம் இன்னும் இருக்கிறது. மேட்டில், பெரிய பெரிய ஓக் மரங்கள் நிற்கும் பூங்காவை ஒட்டி. வெளியே இருந்து பார்த்தால் நம் ஊர் பழைய டவுன் ஹால் போலத்தான் இருக்கும். இப்போது பெரிய ஆட்டமெல்லாம் நேமுனாஸ் ஆற்றுத் தீவில் 2011இல் கட்டிய ஜால்கிரிஸ் அரீனாவில். ஆட்ட நாளில் பாலத்தின் மேல் பச்சை-வெள்ளைத் துண்டு போட்டவர்கள் வரிசையாகப் போவார்கள். சின்னப் பிள்ளைகள், பாட்டிகள் எல்லோரும். கையில் கெப்தா துவோனா, அதாவது கம்பு போன்ற கறுப்பு ரை ரொட்டியை எண்ணெயில் பொரித்துப் பூண்டு தேய்த்தது. முதல் குளிர்காலத்தில் என்னைக் காப்பாற்றியதே அதுதான்.

கலந்தா தீக்குளித்த இடத்தைத் தினமும் தாண்டித்தான் போகிறேன். லைஸ்வெஸ் சாலையில், இசை நாடக அரங்கத்துக்குப் பக்கத்துத் தோட்டத்தில். தரையில் பதித்த கற்கள்தான் நினைவிடம். அவசரத்தில் போனால் கவனிக்கவே மாட்டோம்.

நான் தங்கியிருக்கும் வீட்டின் அம்மாவுக்கு 70 வயதுக்கு மேல். எனக்கு லிதுவேனிய மொழி அரைகுறை, அவருக்கு ஆங்கிலம் கொஞ்சம். நேற்று இரவு இந்த இழையைப் பற்றிச் சொன்னேன். "சபோனிஸ் அமெரிக்காவுக்குச் சீக்கிரம் போயிருக்க வேண்டுமா?" என்று கேட்டேன். அவர் கேள்வியையே கண்டுகொள்ளவில்லை. இங்கே அவரை 'சபாஸ்' என்பார்கள். "சபாஸ் திரும்பி வந்தார் தெரியுமா?" என்றார். எழுந்து போய் அலமாரியிலிருந்து ஒரு பச்சைத் துண்டை எடுத்து வந்தார். அவர் கணவருடையதாம், இப்போது கணவர் இல்லை. 2004இல் மக்காபியோடு நடந்த ஆட்டம் என்று ஆரம்பித்தவர், பாதியில் கையை ஆட்டி நிறுத்திவிட்டார். என்ன ஆட்டம் அது? யாராவது சொல்லுங்கள், அவரிடம் மறுபடி கேட்க எனக்கு மனம் வரவில்லை.

#11 – பழைய_பயிற்சியாளர்

நல்லா இரும்மா. அடிக்கடி எழுது.

அந்த ஆட்டம் எனக்குத் தெரியும். 2003இல் என்.பி.ஏ.வை விட்டுவிட்டுச் சொந்தக் கிளப்புக்கு வந்துவிட்டார் சபோனிஸ். 39 வயது. ஐரோப்பிய கிளப் போட்டியான யூரோலீக்கில் அந்த சீசனின் முதல் சுற்றுக்கும் சிறந்த ஆட்டக்காரர் அவர்தான், அடுத்து வந்த 16 அணிச் சுற்றுக்கும் அவர்தான். 39 வயதில்! கடைசி குரூப் ஆட்டம் 2004 ஏப்ரலில், டெல் அவிவில், இஸ்ரேலின் மக்காபி அணிக்கு எதிராக. ஜெயித்தால் இறுதி நால்வருக்குள் போகலாம். சில வினாடிகள் மிச்சம் இருக்கும்போது ஜால்கிரிஸ் மூன்று புள்ளி முன்னால். ஐந்து ஃபவுல் ஆகி சபோனிஸ் பெஞ்சில். மக்காபியின் டெரிக் ஷார்ப் பந்தைப் பிடித்த வேகத்தில், நிலைதடுமாறித் திரும்பி வீசினார். உள்ளே. சமன். கூடுதல் நேரத்தில் மக்காபி ஜெயித்தது, பிறகு கோப்பையையும் அதே அணி எடுத்தது.

சபோனிஸுக்கு அது கடைசி வாய்ப்பு. ஜால்கிரிஸ் சட்டையோடு ஐரோப்பிய கிளப் கோப்பையை அவர் தூக்கவே இல்லை. 86 இறுதி ஆட்டத்தில் பெட்ரோவிச்சின் சிபோனா அணிக்கு எதிராக அதன் ஆட்டக்காரர் நாகிச்சைக் குத்திவிட்டு வெளியேற்றப்பட்டார், அதுவும் போனது. 18 வருடம் கழித்து இது. அந்த அம்மா கையை ஆட்டி நிறுத்தியது எனக்குப் புரிகிறது.

#12 – போர்ட்லாந்து_பாலா

எங்கள் ஊருக்கும் அப்படி ஒரு ஆட்டம் இருக்கிறது. 2000ஆம் ஆண்டு, என்.பி.ஏ.வின் மேற்குப் பிரிவு இறுதியின் ஏழாவது ஆட்டம், லேக்கர்ஸ் அணியோடு. கடைசிக் கால்பகுதியில் 15 புள்ளி முன்னால் இருந்தோம். வரிசையாகப் போட்டதெல்லாம் வெளியே. 89–84. இன்றைக்கும் இங்கே அதைப் பற்றி ஆரம்பித்தால் பேச்சை மாற்றிவிடுவார்கள்.

தங்கச்சி, அந்தத் துண்டைப் பற்றி எழுதியதற்கு நன்றி.

#13 – சென்டர்_சேது

இரண்டு நாளாகப் பதில் எழுத உட்கார்ந்து எழுந்து போனேன்.

வரலாற்று நண்பரே, உங்கள் வாதத்தில் பாதியை ஏற்கிறேன். 'தாமதம்' என்ற சொல் தவறு. எங்கே வர வேண்டியவர், யாருக்காக என்று கேட்காமலேயே எழுதிவிட்டேன். 95 ஐரோப்பியக் கோப்பை இறுதி, 96 அட்லாண்டாவில் ஆஸ்திரேலியாவைத் தோற்கடித்து மறுபடி வெண்கலம், 2003இல் ஊர் திரும்பியது, 2011இல் நாட்டின் கூடைப்பந்துக் கூட்டமைப்புக்கே தலைவரானது, இதையெல்லாம் நான் அடிக்குறிப்பாகத்தான் வைத்திருந்தேன்.

ஆனால் அகிலஸ் விஷயத்தில் என் கோபம் அப்படியே இருக்கிறது. 1986இல் போர்ட்லாந்து போயிருக்க வேண்டும் என்பதை விட்டுவிடுகிறேன். அந்த இளைஞனுக்கு ஆறு மாதம் ஓய்வு கொடுத்திருக்க வேண்டும். கௌனாஸிலேயே இருந்திருக்கட்டும், ஜால்கிரிஸுக்கே ஆடியிருக்கட்டும், முழுக் காலோடு. அதை அவருக்குக் கொடுக்க யாருக்கும் தோன்றவில்லை.

#14 – வரலாற்று_ஆர்வலன்

அதில் உங்களோடு முழுமையாக ஒத்துப்போகிறேன் சேது.

#15 – இளங்கதிர்

நேற்று இரவு 1986 உலகக் கோப்பை அரையிறுதியைத் தேடிப் பார்த்தேன். சோவியத்–யூகோஸ்லாவியா, மாட்ரிட். ஆட்டம் முடிய ஒரு நிமிடம்கூட இல்லை, யூகோஸ்லாவியா 9 புள்ளி முன்னால். முதலில் சபோனிஸ் ஒரு மூன்று புள்ளி, பலகையில் பட்டு உள்ளே போகிறது. அப்புறம் டிகோனென்கோ ஒன்று. அடுத்து பந்து யூகோஸ்லாவியாவிடம், அவர்களின் திவாச் பந்தைப் பிடித்துவிட்டு மறுபடி தட்டும் தவறைச் செய்து அதை இழந்துவிடுகிறார். வால்டர்ஸ் மூன்றாவது. சமன்! கூடுதல் நேரத்தில் 91–90. நடுராத்திரியில் நான் கத்தியதில் அம்மா எழுந்து வந்துவிட்டார். முடிவு முன்பே தெரியும், இருந்தும் கத்தினேன்.

பயிற்சியாளர் ஐயா, ஒரு கேள்வி. முதல் கூடை விழுந்த உடனே மற்றவர்கள் கையைத் தூக்குகிறார்கள், சபோனிஸ் மட்டும் திரும்பி ஓடுகிறார். 21 வயது, கால் நன்றாக இருந்த காலம். அந்த ஓட்டத்தை நான்கு முறை திருப்பிப் போட்டுப் பார்த்தேன். உங்கள் பையன்களுக்குக் காட்டியிருக்கிறீர்களா?

#16 – பழைய_பயிற்சியாளர்

இல்லை தம்பி, காட்டியதில்லை. என்னிடம் இருந்தது 95 கேசட் மட்டும்தான், அதில் அவர் ஓடவே மாட்டார். சுட்டியை அனுப்பி வை. சனிக்கிழமை காலை ஆறரைக்குப் பயிற்சி, முதலில் அதைப் போடுகிறேன்.